நடுங்கும் கையில் மந்திரக்கோல்

1953 ஜனவரியில் ‘ஷோஜோ கிளப்’ என்ற ஜப்பானியச் சிறுமியர் இதழில் ஒசாமு தெசூகா ‘ரிபான் நோ கிஷி’ என்னும் சித்திரத் தொடரைத் தொடங்கினார். பூமிக்கு இறங்கக் காத்திருக்கும் குழந்தைகளுக்கு வானுலகில் கடவுள் ஆளுக்கொரு இதயம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஆண் குழந்தைக்கு நீலம், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு. டிங்க் என்ற குறும்புக்காரக் குட்டித் தேவதூதன் ஒரு குழந்தைக்கு விளையாட்டாக நீல இதயத்தைக் கொடுத்துவிடுகிறான். அது தெரியாமல் கடவுள் அதே குழந்தைக்கு இளஞ்சிவப்பையும் கொடுத்துவிடுகிறார். இரண்டு இதயங்களோடு சில்வர்லாந்து அரண்மனையில் பிறக்கிறாள் சஃபையர். அந்நாட்டுச் சட்டப்படி ஆண் வாரிசுக்கே அரியணை. பிறந்தது மகள் என்று வெளியே தெரிந்தால் பட்டம் டியூராலுமின் பிரபுவின் மகனுக்குப் போய்விடும். ஆகவே அவள் இளவரசனாக அறிவிக்கப்பட்டு, வாள் பழகி வளர்கிறாள்.

சிறுமிகளுக்கான நீண்ட சாகசத் தொடர் என்ற வகைக்கே வழி திறந்துவிட்ட படைப்பு இது. பின்னாளில் வந்த மந்திரச் சிறுமிக் கதைகள், பால் மாறும் உருமாற்றக் கதைகள் இரண்டிலும் இதன் ரேகையைக் காணலாம். ஆனால் அதன் அடித்தளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. வாள்வீச்சும் வீரமும் நீல இதயத்தின் சொத்து. அதை எடுத்துவிட்டால் சஃபையரின் கை தளர்ந்துவிடும். டிங்க் பூமிக்கு அனுப்பப்படுவதே அந்த இதயத்தைத் திரும்ப வாங்கி வரத்தான். துணிவு ஆண்களுக்கென்று செய்யப்பட்ட ஓர் உறுப்பு, அது தவறுதலாக ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்தது என்றுதான் கதையின் மேல்தளம் சொல்கிறது. அதற்குப் பின்னான எழுபது ஆண்டுகளில் இவ்வகைக் கதைகள் துணிவை அந்த நீல இதயத்திலிருந்து எப்படி மெல்ல மெல்ல வெளியே கொண்டுவந்தன, அப்படிக் கொண்டுவர அச்சத்தை எப்படிப் பயன்படுத்திக்கொண்டன என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

தெசூகாவின் கதையிலேயே அதற்கான விதை கிடக்கிறது. சஃபையர் வாளுக்கு அஞ்சுவதில்லை. அவளுடைய உண்மையான அச்சம் கண்டுபிடிக்கப்படுவது. பகலெல்லாம் இளவரசனாக நடந்துவிட்டு, தனியே கிடைக்கும் நேரத்தில் பொய்முடியும் கவுனும் அணிந்து பெண்ணாக இருந்து பார்க்கிறாள். அந்தக் கோலத்தில்தான் கோல்ட்லாந்து இளவரசன் ஃபிரான்ஸோடு நடனமாடுகிறாள். டியூராலுமினின் ஆட்கள் எந்நேரமும் அவளை வேவு பார்க்கிறார்கள். ஓர் அசைவு பிசகினால் தாய், தந்தை, நாடு எல்லாம் போய்விடும். இதயங்களின் நிறக் கணக்கு இந்த அச்சத்துக்குப் பதில் சொல்வதில்லை. நீல இதயம் அவளுக்கு வாளைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கலாம். பிறர் பார்வைக்கு நடுவே இரண்டு வாழ்க்கைகளைச் சுமக்க எந்த இதயம் கற்றுக்கொடுத்தது? தெசூகா அதை விளக்கவில்லை. விளக்காமல் விட்ட அந்த இடத்தில்தான் பின்வந்தவர்கள் வீடு கட்டினார்கள்.

தெசூகா சிறுவயதில் வளர்ந்த ஊர் தகராசுகா. 1914இல் முதல் மேடையேற்றம் கண்ட, பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுகா நாடகக் குழுவின் ஊர் அது. அங்கே ஆண் வேடம் ஏற்கும் பெண்களுக்கு ‘ஓதோகோயாகு’ என்று பெயர். தாயோடு சேர்ந்து அந்த நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர் தெசூகா. மேடையில் ஒரு பெண் ஆணாக நிமிர்ந்து நடக்கும்போது, அந்த நிமிர்வு எந்த இதயத்திலிருந்தும் வரவில்லை என்பது பார்வையாளருக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கான பயிற்சியிலிருந்து வந்தது அது. ‘ரிபான் நோ கிஷி’யின் படங்களில் தகராசுகாவின் ஒளி நிறைந்திருக்கிறது. கதைக்குள் வந்த இதயக் கற்பனைதான் அந்த மேடை அறிந்ததைவிட ஒரு படி கீழே நின்றுவிட்டது என்பது என் எண்ணம்.

துணிவைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1978இல் வெளியிட்ட ‘ஃபியர் அண்ட் கரேஜ்’ நூல் இங்கே உதவுகிறது. அச்சம் ஒற்றை உணர்வு இல்லை என்கிறார் அவர். மனம் உணரும் கலக்கம், உடலில் எழும் படபடப்பு, விலகி ஓடும் நடத்தை என அதற்கு மூன்று கூறுகள் உண்டு. மூன்றும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை. மனம் கலங்கி, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதும் கால்கள் ஓடாமல் நிற்கலாம். அந்த நிலையையே அவர் துணிவு என்று அழைத்தார். வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வீரர்கள், பாராசூட்டில் குதிக்கப் பழகும் வீரர்கள் போன்றோரிடம் பின்னாளில் அவர் ஆராய்ந்து பார்த்த கருத்து இது. அச்சமே இல்லாதவரை அவர் வேறு வகையில் சேர்த்தார். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு மந்திரச் சிறுமிக் கதைகளைப் படித்தால், அவற்றின் அழுகைகளும் நடுக்கங்களும் வேறு அர்த்தம் பெறுகின்றன.

‘மஹோ ஷோஜோ’ எனப்படும் இவ்வகை, தொலைக்காட்சியில் 1966இல் ‘மந்திரக்காரி சேலி’யோடு தொடங்கியது. 1969இல் அக்கோ வந்தாள். கையடக்க முகக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னால் விரும்பிய உருவை அவள் எடுப்பாள். 1982இல் மிங்கி மோமோ சிறுமியிலிருந்து பெரியவளாக வளர்ந்து, நாளுக்கொரு தொழில் செய்து பார்த்தாள். இந்தத் தொடக்ககாலக் கதைகளில் ஆபத்து பெரும்பாலும் வீட்டளவு, தெருவளவு. மந்திரம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பதற்றம் இருக்கும், உயிர் போகுமோ என்ற பயம் குறைவு. 1973இல் வந்த கியூட்டி ஹனி போராளிதான்; ஆனால் அவள் பயந்து நாம் பார்ப்பதில்லை. அச்சத்தைக் கதையின் நடுவில் வைத்தவள் 1992 மார்ச் 7 அன்று திரையில் தோன்றிய ஓர் அழுமூஞ்சி.

நவோகோ தகெயுச்சியின் ‘செய்லர் மூன்’ கதாநாயகி உசாகிக்குப் பதினான்கு வயது. தேர்வில் மதிப்பெண் வாங்கத் தெரியாது, பள்ளிக்கு நேரத்துக்குப் போகத் தெரியாது, எதற்கெடுத்தாலும் அழுவாள். முதல் அத்தியாயத்திலேயே தோழியின் நகைக்கடையில் தோழியின் தாயாக வேடமிட்டிருந்த அரக்கியை எதிர்கொள்கிறாள். எதிர்கொள்கிறாள் என்பதுகூட மிகை. கால் தடுக்கி விழுகிறாள், முழங்காலில் அடிபடுகிறது, உட்கார்ந்து ஓவென்று அழத் தொடங்குகிறாள். அந்த அழுகையே அவளது கூந்தல் அணிகளின் வழியாகப் பேரொலியாகப் பெருகி எதிரிகளைத் தாக்குகிறது. அழுவதை விட்டுவிட்டுச் சண்டையிடு என்று டக்ஸிடோ மாஸ்க் என்ற முகமூடி வீரன் அறிவுரை சொல்கிறான். ஆனால் அவன் சொல்வதற்கு முன்பே அழுகை தன் வேலையைச் செய்துவிட்டிருக்கிறது.

இதை வெறும் நகைச்சுவை என்று கடந்துபோவோர் உண்டு. என் பார்வையில், தெசூகாவின் கணக்கு உடைபட்ட இடம் இதுதான். உசாகியிடம் நீல இதயம் எதுவும் இல்லை. அவளுடைய ஆயுதம் அவளுடைய அச்சத்திலிருந்தே வருகிறது. முதல் பருவத்தின் முடிவில், வடதுருவத்தில், அவள் கண்முன்னே தோழிகள் ஒருவர் பின் ஒருவராக இறக்கிறார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அந்தப் பெண் கதறுகிறாள். அப்படிக் கதறியபடியே முன்னே நடக்கிறாள். ராக்மனின் மூன்று கூறுகளில் இரண்டு உச்சத்தில் இருக்க, மூன்றாவது மட்டும் அடங்கி நிற்கும் காட்சி. 1993இன் தொடக்கத்தில் ஜப்பானிய வீடுகளில் சிறுமிகள் மட்டும் இதைப் பார்க்கவில்லை; பல பையன்களும் பார்த்தார்கள். துணிந்தவர் அழக் கூடாது என்று கேட்டு வளர்ந்த பையன்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்கும்.

உருமாற்றக் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிப்பன்கள் சுழல, ஒளி வெள்ளத்தில் உடை மாறும் அந்த ஒரு நிமிடத்தை அனிமே தொழிலில் ‘பேங்க்’ என்பார்கள். ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு வாரந்தோறும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். செலவு மிச்சம், கையில் இருக்கும் மந்திரக்கோல் பொம்மையும் கடையில் விற்கும். வணிகக் காரணத்தால் பிறந்த இந்த வழக்கத்துக்குள் ஒரு சடங்கின் தன்மை சேர்ந்துகொண்டது. அந்த நிமிடத்தில் எதிரி தாக்குவதில்லை, காலம் நின்றுவிடுகிறது. நடுங்கியபடி மந்திரச் சொல்லைச் சொல்லத் தொடங்கும் சிறுமி, முடிக்கும்போது நிமிர்ந்து நிற்கிறாள். அச்சம் மறைந்துவிட்டது என்று தோன்றும். அது மறைவதில்லை, ஒத்திவைக்கப்படுகிறது. உருமாறும் உடலின் பாலும் சேர்ந்து மாறும் கதைகளில் இந்த ஒத்திவைப்பு நிலைப்பதில்லை. அங்கே உருமாற்றமே புதிய அச்சத்தைக் கொண்டுவருகிறது.

‘செய்லர் மூன்’ தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பருவம், 1996–97இல் ஒளிபரப்பான ‘செய்லர் ஸ்டார்ஸ்’, இதற்கு முதற்பெரும் எடுத்துக்காட்டு. அழிந்த கோள் ஒன்றிலிருந்து தப்பி வந்த மூவர், காணாமல்போன தங்கள் இளவரசியைத் தேடுகிறார்கள். பாட்டின் வழியாக அவள் காதை எட்ட நினைத்து ‘த்ரீ லைட்ஸ்’ என்ற ஆண் பாடகர் குழுவாகப் பூமியில் வாழ்கிறார்கள். சண்டை வரும்போது மூவரும் பெண் போராளிகளாக உருமாறுகிறார்கள். தகெயுச்சியின் மூலச் சித்திரக்கதையில் இவர்கள் ஆண்வேடமிட்ட பெண்கள். தொலைக்காட்சியில் உடலே மாறிவிடுகிறது. சஃபையரின் ஏற்பாடு இங்கே அப்படியே தலைகீழாகிவிட்டது. அங்கே பெண்ணுடல் வீரம் காட்ட ஆணின் இதயம் வேண்டியிருந்தது. இங்கே ஆணுடலில் இருக்கும்வரை பாட்டு மட்டுமே, போருக்குப் பெண்ணுடல் வேண்டும்.

மூவரில் சேயாவிடம் அச்சத்தின் இழை தெளிவாகத் தெரிகிறது. எதிரிகளிடம் அவனுக்குப் பயமில்லை. உசாகியின் மேல் காதல் வந்துவிட்டது, அவளிடம் தான் யார் என்பது தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் அவனை உலுக்குகிறது. அடையாளம் வெளிப்பட்ட பிறகு இரு அணியினரும் இருவரையும் பிரித்து வைக்கப் பார்க்கிறார்கள். தோல்வி உறுதியான காதலை வைத்துக்கொண்டு, அவளைக் காக்க முன்னே நிற்கிறான் சேயா. அவன் என்றா, அவள் என்றா எழுத வேண்டும் என்ற தடுமாற்றம் எனக்கு இருக்கிறது. உசாகிக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. எந்த உருவத்திலும் சேயாவை அவள் சேயாவாகவே பார்க்கிறாள்.

இதற்கு முன்பே, 1994இல் வந்த மூன்றாம் பருவத்தில், ஆணுடை அணிந்து பந்தயக் காரோட்டும் ஹருகாவும் அவளது காதலி மிச்சிருவும் அறிமுகமாகியிருந்தார்கள். இவர்கள் எல்லோரையும் கண்டு நடுங்கியவர்கள் கதைக்கு வெளியே இருந்தார்கள். அமெரிக்க ஆங்கில வடிவம் ஹருகாவையும் மிச்சிருவையும் உறவுக்காரச் சகோதரிகளாக்கியது. முதல் பருவத்தின் வில்லன்களில் ஒருவனான சொய்சைட்டுக்குப் பெண் குரல் கொடுத்துப் பெண்ணாகவே மாற்றிவிட்டது. இத்தாலிய வடிவத்தில் த்ரீ லைட்ஸ் உருமாறுவதே இல்லை; அவர்களுக்கு இரட்டைச் சகோதரிகள் இருப்பதாகவும், ஆபத்து வரும்போது அவர்களை அழைப்பதாகவும் வசனம் திருத்தப்பட்டது. இந்தத் தொடரைப் பார்க்கும் பையன்களின் ஆண்மைக்குக் கேடு வரலாம் என்று அங்கே ஓர் உளவியலாளர் வெளிப்படையாகவே எச்சரித்திருந்தார். அதிகாரப்பூர்வ ஆங்கில ஒலிப்பதிவோடு ‘செய்லர் ஸ்டார்ஸ்’ வெளிவர 2019 ஆகிவிட்டது. திரையில் பதின்வயதினர் அச்சத்தோடு நின்று காட்டினார்கள். தொலைக்காட்சி நிலையங்களை நடத்திய பெரியவர்கள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். குழந்தைகளைக் காப்பதாக எண்ணிச் செய்த அந்த வேலை, தன்னை அந்தக் கதையில் கண்டுகொண்டிருக்கக்கூடிய எத்தனையோ குழந்தைகளைத் தனியே விட்டுவிட்டது. எனக்கு இதில் இன்றுவரை ஆறாத கோபம் உண்டு.

பால் மாற்றத்தைச் சிரிப்புக்காகக் கையாளும் கதைகளும் ஏராளம். ரூமிகோ தகஹாஷி 1987இல் தொடங்கிய ‘ரன்மா’, மந்திரச் சிறுமிக் கதை இல்லையென்றாலும், அவை அனைத்துக்கும் உறவுமுறை கொண்டது. குளிர்ந்த நீர் பட்டால் ரன்மா பெண்ணாவான், வெந்நீர் பட்டால் ஆணாவான். எவரோடும் மோதத் தயங்காத அவனுக்குப் பூனையைக் கண்டால் உயிர் போய்விடும். சிறுவயதில் வீரக்கலைப் பயிற்சி என்ற பெயரில் தந்தையே அவனைப் பசித்த பூனைகள் நிறைந்த குழிக்குள் மீன்பண்டங்களைக் கட்டித் தள்ளிவிட்டதன் விளைவு அது. உடல் மாறுகிறது, அச்சம் மாறுவதில்லை. எந்த உருவத்திலும் பூனை பூனைதான். சிரிக்க வைத்துக்கொண்டே தகஹாஷி சொன்ன உண்மை இது: ஆண்மைப் பயிற்சி என்று பெற்றோர் கொடுப்பது சில வேளை பிள்ளையின் ஆயுட்கால நடுக்கமாகிவிடும்.

2018இல் அனிமேயாக வந்த ‘மஹோ ஷோஜோ ஓரே’யில், தான் விரும்புபவனைக் காப்பாற்ற மந்திரச் சிறுமியாக ஒப்புக்கொள்ளும் சாகி, உருமாறியதும் மடிப்புப் பாவாடை அணிந்த கட்டுமஸ்தான ஆணாகிவிடுகிறாள். சிரிப்பு அங்கே உடைக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தமின்மையிலிருந்து வருகிறது. கதை பல இடங்களில் மலிவாகவும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கோலத்தில் தான் விரும்பும் ஒருவன் கண்ணில் படுவது எந்தப் பெண்ணுக்கும் பெரும் சங்கடம். சாகி அதை மீறி ஒவ்வொரு முறையும் உருமாறுகிறாள். நகைச்சுவையின் கீழே அந்தப் பிடிவாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அசாரி எண்டோவின் ‘மஹோ ஷோஜோ இகுசேய் கேய்காகு’ நாவல் (2012) சிரிப்பை முற்றாக விலக்குகிறது. கைபேசி விளையாட்டு ஒன்றின் வழியாகப் பதினாறு பேர் மெய்யாகவே மந்திரச் சிறுமிகளாகிறார்கள். பிறகு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று விதி வருகிறது. குறைவது என்றால் இறப்பது. அவர்களில் வாளேந்திய வீரமங்கை லா பூசெல்லின் உடலுக்குள் இருப்பவன் சோட்டா என்ற பள்ளி மாணவன், கால்பந்தாட்டக்காரன். மந்திரச் சிறுமிக் கதைகளை அவன் சிறுவயதிலிருந்தே நேசிக்கிறான். அதை நண்பர்களிடம் சொல்ல முடியாமல் மறைத்து வைத்திருக்கிறான். பையன் ஒருவனுக்கு இந்த மறைப்பு எவ்வளவு பெரிய சுமை என்பதை எண்டோ விரித்துச் சொல்வதில்லை, ஆனால் உணர்த்திவிடுகிறார். பெண்ணுடல் கிடைத்ததும் அவன் முதலில் அடைவது விடுதலை. ஒளித்து வைத்த விருப்பத்தை இப்போது உடலாகவே அணிந்துகொள்ளலாம். ஸ்னோ வைட்டாக உருமாறும் சிறுவயதுத் தோழி கொயூகிக்கு மட்டும் அவன் யார் என்பது தெரியும். அவளைக் காப்பேன் என்று வாளின் மேல் வாக்களிக்கிறான். பிறகு ஒரு மோதலில் கொல்லப்படுகிறான். இறந்த உடல் மறுபடி பையனுடையதாகிறது. ஊருக்கு அது ஒரு சாலை விபத்து.

இந்த இடத்தில் எண்டோவோடு எனக்கு உடன்பாடு இல்லை. மனம் மறைத்த ஒன்றைத் துணிந்து வாழத் தொடங்கியவனை இவ்வளவு சீக்கிரம் கொன்று, அவனுடைய சாவைத் தோழியின் வளர்ச்சிக்கான படியாக்குவது பழைய தந்திரம். ஆனால் நாவலின் மறுபாதியில் ஒரு நேர்மை இருக்கிறது. அஞ்சி ஒதுங்கிய கொயூகி பிழைத்துக்கொள்கிறாள். ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டோமே என்ற எண்ணம் அவளை விடுவதில்லை. துணிந்தவன் சாக, அஞ்சியவள் வாழ, எது சரி என்று சொல்லாமல் நாவல் அந்த வலியை வாசகரிடம் கொடுத்துவிடுகிறது. அச்சமும் துணிவும் இங்கே ஆண், பெண் என்று பங்கு பிரியவில்லை. வீரமங்கையின் உடலில் இருந்தவன் பையன். பின்னால் நிமிரப்போகிறவள், பயந்து அழுத சிறுமி.

2018ஆம் ஆண்டின் ‘ஹக்டோ! பிரிக்யூர்’ தொடரில் வரும் ஆன்ரி வாகாமியாவை நான் இந்த வரலாற்றின் மையத்தில் வைப்பேன். பிரிக்யூர் எனப்படும் மந்திரச் சிறுமிப் போராளிகளைப் பற்றி 2004இல் தொடங்கிய தொடர் வரிசை, பெண் குழந்தைகளும் கைகால் வீசிச் சண்டையிட ஆசைப்படுவார்கள் என்ற எண்ணத்தில் உருவானது. ஆன்ரி பனிச்சறுக்கு நடனக் கலைஞன். அழகானது எனக்குப் பிடிக்கும், பிடித்ததை அணிவேன் என்று தயங்காமல் சொல்பவன். ஜூன் 10 அன்று ஒளிபரப்பான 19ஆம் அத்தியாயத்தில், பெண்களும் வீரர்களாகலாம் என்ற கருப்பொருளில் நடக்கும் ஆடை அணிவகுப்பில் அவன் கவுன் அணிந்து மேடையேறுகிறான். அங்கே அரக்க உருவெடுத்து அவனைப் பிடிப்பது, தங்கையும் ஆன்ரியும் வரம்பு மீறுவதாக எரிந்து விழும் மசாதோ என்ற இளைஞனின் மனம். பையன்களும் இளவரசியாகலாம் என்று கதாநாயகி ஹனா அறிவிக்கிறாள். ஆன்ரி ஓடவும் இல்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. தன்னைப் பிடித்திருப்பவனிடம் பரிவோடு பேசுகிறான்.

அந்த அத்தியாயத்தைப் பலர் கொண்டாடினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிறகு வருவது. ஆன்ரிக்குக் குரல் கனக்கத் தொடங்குகிறது, உயரம் கூடுகிறது, கால் வலிக்கிறது. மேடையில் கவுன் அணிந்து நின்றபோது அஞ்சாதவன், தன் உடல் வளர்வதைக் கண்டு அஞ்சுகிறான். கேட்காமலே நிகழ்ந்துகொண்டிருக்கும் இந்த உருமாற்றத்துக்கு மந்திரக்கோல் இல்லை, மந்திரச் சொல் இல்லை. பருவ வயதைவிடப் பெரிய பால்மாற்றக் கதை எது? இத்தனை கதைகள் பதின்வயதிலேயே நிகழ்வதற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன். குமிகோ சைட்டோ 2014இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, மந்திரச் சிறுமி வகையின் மாற்றங்களை ஜப்பானியச் சமூகத்தின் பாலின எதிர்பார்ப்புகளோடு சேர்த்து வாசிக்கிறது. அந்த வெளிச்சத்தில் பார்த்தால், மந்திரம் பெரியவராவதற்கு முன் கிடைக்கும் குறுகிய சுதந்திரம். ஆன்ரிக்கு அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

டிசம்பர் 2 அன்று வந்த 42ஆம் அத்தியாயத்தில், போட்டிக்குப் போகும் வழியில் விபத்து. இனிப் பழையபடி சறுக்கி ஆட முடியாது. நம்பிக்கையிழந்த அந்த நொடியில் எதிரி நிறுவனம் அவனை ஆட்கொள்ளப் பார்க்கிறது. பிறருடைய வேண்டுதலின் ஒளியில் அவன் க்யூர் இன்ஃபினியாக உருமாறுகிறான். பிரிக்யூர் ஆன முதல் பையன். அந்த ஆற்றலை வைத்து அவன் எதிரியை அடித்து வீழ்த்தப் போவதில்லை. பனிமேடையில் ஒருமுறை ஆடுகிறான். முடிந்ததும் உடல் பழைய காயத்துக்கே திரும்புகிறது. மந்திரம் குணப்படுத்தியிருக்கலாம், எழுதியவர்கள் அப்படிச் செய்யவில்லை. காயத்தோடு வாழப்போகும் பையனுக்கு, நீ எவராக இருக்க ஆசைப்பட்டாயோ அவராக ஒருமுறை இருந்து பார் என்று மட்டும் கதை சொல்கிறது.

ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 2023இன் ‘ஹிரோகாரு ஸ்கை! பிரிக்யூர்’ தொடரில், பன்னிரண்டு வயதுச் சுபாசா முதன்மை அணியிலேயே க்யூர் விங்காக இடம்பெற்றான். பறக்க முடியாத பறவைக் குலத்தில் பிறந்தவன் அவன். சிறுவயதில் உயரத்திலிருந்து விழுந்தபோது, தந்தை பாய்ந்து வந்து தன்னைத் தாங்கிய ஒரு கணம் அவர் பறந்தார் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையோடு விமானவியல் நூல்களைப் படிக்கிறான். சொந்த ஊராரின் கேலிக்கும் ஆளாகிறான். அவனுடைய அச்சமெல்லாம் விழுவதைப் பற்றியது. உருமாறும்போது அவன் பாலில் மாற்றமில்லை. பெண்களுக்குரியது என்று கருதப்பட்ட ஓர் உருமாற்றத்துக்குள் பையனாகவே நுழைகிறான், தொடருக்குள் எவரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. பிரிக்யூராக இருக்க ஆன்ரிக்கு ஓர் அத்தியாயம் மட்டும் கிடைத்தது. சுபாசாவுக்கு ஓராண்டு முழுக்கக் கிடைத்தது. அந்த ஓராண்டுக்கான கதவைத் திறந்தவன் ஆன்ரி.

ஜப்பானில் வளர்ந்த இந்த மரபை மேற்கில் திருநங்கை, திருநம்பி எழுத்தாளர்களும் வாசகர்களும் தங்களுடையதாக்கிக்கொண்டபோது அச்சத்தின் முகவரி இன்னும் துல்லியமாகிவிட்டது. தி காவ் என்ற புனைபெயரில் எழுதும் சித்திரக்கதைக் கலைஞரின் ‘மேஜிக்கல் பாய்’ 2022இல் நூலாக வந்தது. மேக்ஸ் ஒரு திருநம்பி, பள்ளி மாணவன். அவன் குடும்பத்துப் பெண்கள் ஆரோரா என்ற தேவியின் வழிவந்த மந்திரச் சிறுமிகள், அடுத்த முறை உன்னுடையது என்று தாய் அறிவிக்கிறாள். மரபுரிமை என்ற பெயரில் வரும் இந்த ஆற்றல் அவனுக்குப் பாவாடையையும் சேர்த்தே கட்டுகிறது. சஃபையருக்கு அரியணை வேண்டுமென்றால் ஆணாகத் தோன்ற வேண்டியிருந்தது. மேக்ஸுக்கு ஊரைக் காக்க வேண்டுமென்றால் பெண்ணாகத் தோன்ற வேண்டும். அரக்கர்களோடு மோதும் பக்கங்களைவிட, தாயிடம் தன்னை விளக்க அவன் முயலும் பக்கங்களில்தான் எனக்குப் படபடப்பு கூடியது.

ஏப்ரில் டேனியல்ஸின் ‘ட்ரெட்நாட்’ (2017) நாவலை மந்திரச் சிறுமிக் கதை என்பதைவிட அதிவீரர் கதை என்பதே சரி. ஆனால் மந்திர உருமாற்றம் ஒன்றே அதன் தொடக்கம் என்பதால் இங்கே சேர்க்கிறேன். பதினைந்து வயது டேனி, ஆணாக வளர்க்கப்படும் பெண். கால் நகங்களுக்கு யாரும் காணாத இடத்தில் ஒளிந்து சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது, உலகின் மிகப் பெரிய வீரர் அவள் அருகே விழுந்து இறக்கிறார். அவருடைய ஆற்றல் டேனிக்கு வருகிறது. கூடவே அவள் எப்போதும் விரும்பிய பெண்ணுடலும் வருகிறது. வானில் பறக்கிறாள், விழும் விமானத்தைத் தாங்குகிறாள். பிறகு வீட்டுக்கு வருகிறாள். மாலையில் தந்தை குரலை உயர்த்துகிறார், டேனி சுருங்கிப்போகிறாள்.

இந்தக் காட்சிகளை டேனியல்ஸ் விரைந்து கடப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் திட்டு வாங்கி வளர்ந்த பிள்ளைக்குள் அந்தக் குரல் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, குண்டு துளைக்காத உடலையும் அது எப்படித் துளைக்கிறது என்பதைப் பொறுமையாக எழுதுகிறார். மகளைப் ‘பழையபடி’ ஆணாக்க மருத்துவரைத் தேடும் தந்தையை ஒரு விரலால் தூக்கி எறிய அவளால் முடியும். அவள் அதைச் செய்வதில்லை. வீரர்களின் கூட்டத்திலும் அவளை ஏற்க மறுக்கும் மந்திரக்காரி ஒருத்தி இருக்கிறாள். அங்கேயும் டேனியின் வலிமை உதவாது; உடல் அவளுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டது, மதிப்பைக் கொடுக்கவில்லை. அதை அவளே கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது குரல் நடுங்குகிறது. ‘சாவரின்’ என்ற இரண்டாம் நூலில், டேனி திருநங்கை என்பதை அறிந்த உலகத்தின் நடுவே அவள் வெளிப்படையாகப் பறந்துகொண்டிருக்கிறாள். வெறுப்பவர்கள் அப்போதும் வெறுக்கிறார்கள், அந்த வெறுப்பு அவளை இன்னும் புண்படுத்துகிறது. மறுநாளும் பணிக்குக் கிளம்புகிறாள்.